"மை பிரதர் லைக்ஸ் பரோட்டா" எனக்குக் கற்றுக்கொடுத்தது

"மை பிரதர் லைக்ஸ் பரோட்டா."

சிமிலிக்கு (தமிழில் உவமை) ஓர் எடுத்துக்காட்டு எழுதுக என்ற கேள்விக்கு ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி எழுதியிருந்த பதில் இது. லைக்ஸ் என்ற சொல்லுக்கு அடியில் ஸ்கேல் வைத்து இரண்டு கோடு வேறு. சிவப்பு மையில் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டு அடுத்த தாளை எடுத்தேன். அதில் "ஐ கேம் ஆஸ் சூன் ஆஸ் தி பெல் ராங்". அதற்கடுத்ததில் "ஷி லுக்ஸ் லைக் ஹெர் மதர்". ஏழெட்டுத் தாள் தாண்டிய பிறகுதான் எனக்கு உறைத்தது. "லைக், ஆஸ் வந்தால் சிமிலி; வராவிட்டால் மெட்டஃபர்", அதாவது உருவகம், என்று கரும்பலகையில் கட்டம் கட்டி எழுதிப் போட்டது நானேதான். பிள்ளைகள் சொன்னதைச் செய்திருக்கிறார்கள்.

கம்பம் பள்ளத்தாக்கில், ஒரு பக்கம் மலையும் இன்னொரு பக்கம் திராட்சைப் பந்தலுமாக இருக்கும் ஓர் ஊரில் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளுக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். பாட்டு நடத்தி முடித்ததும் அதிலுள்ள அணிகளைக் கண்டுபிடிக்கச் சொல்லும் பகுதி வரும். பாட்டை ரசித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகள்கூட அந்த இடம் வந்ததும் முகம் சுருங்கிவிடுவார்கள். பெயர்களே பாதி பயத்தைக் கொடுத்துவிடும். சிமிலியை "ஸ்மைல்" என்று படிப்பவர்கள் வருஷத்துக்கு நான்கு பேராவது இருப்பார்கள். சத்தத்தை அப்படியே ஒலிக்கும் சொல்லுக்குப் பெயரான ஆனமட்டோப்பியாவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். எனக்கே அதன் ஸ்பெல்லிங் எழுதும்போது கை ஒரு கணம் நிற்கும்.

அந்தப் பரோட்டாத் தாளை ஆசிரியர் அறையில் தமிழய்யாவிடம் காட்டினேன். சிரித்துவிட்டு, தன் மேசையிலிருந்த கட்டிலிருந்து அதே பிள்ளையின் தமிழ்த் தாளை உருவிக் கொடுத்தார். "அகழ்வாரைத் தாங்கும் நிலம்போல" குறளுக்கு உவமை எது, பொருள் எது, உவம உருபு எது என்று பிசகாமல் பிரித்து எழுதியிருந்தாள். "அவளுக்குத் தெரியும் டீச்சர். நீங்க தெரியாத பேர்ல கேட்டுட்டீங்க" என்றார் ஐயா. எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றுதான் இருந்தது.

அப்புறம் அவர் சொன்ன ஒரு நூற்பா என் வகுப்பையே மாற்றிவிட்டது. தொல்காப்பியத்தில் உவமவியல் இப்படித்தான் தொடங்குகிறது: "வினை பயன் மெய் உரு என்ற நான்கே வகைபெற வந்த உவமத் தோற்றம்." ஒரு பொருளை இன்னொன்றோடு ஒப்பிட்டால் செயலால் ஒப்பிடலாம், விளைவால் ஒப்பிடலாம், வடிவத்தால் ஒப்பிடலாம், நிறத்தால் ஒப்பிடலாம். புலி போலப் பாய்ந்தான் என்றால் செயல். மழை போலக் கொடுத்தான் என்றால் பயன். உரையாசிரியர்கள் வடிவத்துக்கு உடுக்கை போன்ற இடையைக் காட்டுவார்கள். ஏழாம் வகுப்பில் அதைச் சொன்னால் அன்றைய பாடம் அத்தோடு முடிந்தது, அதனால் நான் வாழைத்தண்டு போன்ற கால் என்று மாற்றிக்கொண்டேன். நிறத்துக்குப் பவளம் போன்ற வாய்.

மறுநாள் லைக், ஆஸ் கட்டத்தை அழித்துவிட்டு மூன்று கேள்வி எழுதினேன். எது? எதோட? எதுல? எதை ஒப்பிடுகிறார், எதோடு ஒப்பிடுகிறார், இரண்டும் எதில் ஒன்றுபடுகின்றன? மூன்றாவதற்குப் பதில் வராவிட்டால் அங்கே சிமிலி கிடையாது. சரி, பரோட்டாவைச் சோதிப்போம் என்று அந்தப் பிள்ளையையே எழுப்பிவிட்டேன். அண்ணனைப் பரோட்டாவோடு ஒப்பிடுகிறாளா? "இல்ல டீச்சர், அவன் சாப்பிடுவான், அவ்வளவுதான்" என்றாள். உட்காரப் போனவள் சட்டென்று நிமிர்ந்து, "ஆனா ஒப்பிடலாம் டீச்சர். ரெண்டையும் தூக்கிப் போட்டு அடிச்சாத்தான் பதத்துக்கு வரும்" என்றாள். வகுப்பு அடங்க ஐந்து நிமிடம் ஆனது. "மை பிரதர் லைக்ஸ் பரோட்டா", "மை பிரதர் இஸ் லைக் எ பரோட்டா" என்று இரண்டையும் அருகருகே எழுதிப் போட்டேன். நான் தயாரித்து வைத்திருந்த எந்த எடுத்துக்காட்டும் இந்த இரண்டு வரி செய்த வேலையைச் செய்திருக்காது.

"அவள் அம்மா மாதிரி இருக்கிறாள்" என்பதை ஏன் சேர்க்கவில்லை என்று கேட்டார்கள். மகளும் அம்மாவும் ஒரே இனம். ஜாடையைச் சொல்வது வெறும் தகவல். அவள் அம்மாவை மலை என்றோ மழை என்றோ சொல்லியிருந்தால் நாம் கொஞ்சம் நின்று யோசித்திருப்போம். இரண்டு பொருள்களுக்கும் நடுவே எவ்வளவு தூரம் இருக்கிறது என்பதையும் பார்க்கச் சொல்கிறேன். தூரமே இல்லாவிட்டால் உவமையும் இல்லை.

இதற்குப் பிறகு வேர்ட்ஸ்வொர்த்தின் டாஃபோடில்ஸ் பாட்டு. "ஐ வாண்டர்ட் லோன்லி ஆஸ் எ கிளவுட்" என்று தொடங்குவது. எது, எதோட, எதுல என்று கேட்டேன். முதல் இரண்டுக்கும் பதில் வந்துவிட்டது. மூன்றாவதில் ஒரு பையன் முட்டுக்கட்டை போட்டான். "மேகம் எங்க டீச்சர் தனியா வரும்? ஆடு மேய்க்கக் கூட்டிட்டுப் போற மாதிரி மொத்தமால்ல வரும்?" ஜன்னலுக்கு வெளியே பார்த்தால் அவன் சொன்னது சரிதான். ஆனி, ஆடியில் கேரளப் பக்கத்திலிருந்து மலையைத் தாண்டி இறங்கும் மேகம் எங்கள் ஊரில் தனியாக வந்ததே கிடையாது. கவிஞர் நடந்த இடம் இங்கிலாந்தின் ஏரிப் பகுதி, அங்கே மலைச்சரிவுக்கு மேலே ஒற்றை மேகம் மிதந்து போவதைப் பார்த்துத்தான் எழுதுகிறார் என்று விளக்கினேன். "அப்ப அது அவங்க ஊரு மேகம்" என்று ஒப்புக்கொண்டு உட்கார்ந்தான். உவமை ஊரிலிருந்துதான் வருகிறது என்பதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை, அவன்தான் சொன்னான்.

இந்தப் பாட்டைப் பற்றி இன்னொரு செய்தியும் சொல்வேன். பிள்ளைகளுக்கு அது ரொம்பப் பிடிக்கும். 1802 ஏப்ரல் 15 அன்று அல்ஸ்வாட்டர் ஏரிக்கரையில் அந்தப் பூக்களைப் பார்த்தபோது வேர்ட்ஸ்வொர்த் தனியாக இல்லை. தங்கை டோரதி கூடவே இருந்தார். அவர் தன் நாட்குறிப்பில் அந்தப் பூக்களைப் பற்றி எழுதியிருக்கிறார்: சில பூக்கள் களைப்பில் தலையணையில் சாய்வதுபோலக் கற்களின் மேல் தலை சாய்த்திருந்தன, மற்றவை தலையாட்டி ஆடின என்று. அண்ணனின் பாட்டு அச்சில் வந்தது 1807இல். பூக்கள் தலையாட்டி ஆடும் அந்த ஆட்டம் தங்கை எழுத்தில் முதலிலேயே இருக்கிறது. இதைச் சொன்னதும் பெண் பிள்ளைகள் பக்கமிருந்து ஒரு சலசலப்பு எழும். "தங்கச்சி கூட வந்ததையே எழுதாம விட்டுட்டாரா?" நான் அதற்குப் பதில் சொல்வதில்லை. நாட்குறிப்பிலும் சிமிலி வரும், பாட்டில் மட்டும்தான் வரும் என்று நினைக்காதீர்கள் என்பதற்காகத்தான் அதை எடுக்கிறேன்.

மெட்டஃபருக்கு வந்தால் தமிழ் கை கொடுக்கும், காலையும் வாரிவிடும். "போல" இல்லாவிட்டால் உருவகம் என்று பிள்ளைகள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் மலர்முகம் என்பதில் போல இல்லை. அது மலர் போன்ற முகம், உவமைத்தொகை. முகமலர் என்று திருப்பிப் போட்டால்தான் உருவகம், முகமாகிய மலர். "பிறவிப் பெருங்கடல்" என்னும்போது பிறவியே கடலாகிவிடுகிறது. ஆங்கிலத்தில் இந்தத் தொகை விவகாரம் இந்த வடிவில் இல்லை என்பதால், "ஒப்பிடுகிறாரா, இல்லை அதுவே இது என்று அடித்துச் சொல்கிறாரா?" என்று மட்டும் கேட்கச் சொல்கிறேன்.

சொந்தமாக எழுதச் சொன்னபோது ஒருவன் "மை சிஸ்டர் இஸ் லைக் கரண்ட்" என்று எழுதினான். எதுல? "எப்ப வருவா, எப்ப போவான்னு தெரியாது." லைக்கை எடுத்துவிட்டுப் படி என்றேன். "மை சிஸ்டர் இஸ் கரண்ட்." இப்போது என்ன தோன்றுகிறது? கொஞ்சம் யோசித்துவிட்டு, "தொட்டா ஷாக் அடிக்கும் போல இருக்கு" என்றான். லைக் போனதும் ஒப்புமை ஒரு விஷயத்தோடு நிற்காமல் பரவிவிட்டது என்பதை அவனே கண்டுபிடித்தான். பாடநூல் விளக்கத்தைவிட இது எனக்கு உசத்தியாகத் தெரிந்தது. (நோட்டில் கிடக்கும் "ஒயிட் ஆஸ் ஸ்னோ", "பிஸி ஆஸ் எ பீ" பட்டியலை நான் மனப்பாடம் செய்யச் சொல்வதில்லை. பனிப்பொழிவைப் பார்த்தே இராத பிள்ளை அதை எழுதும்போது ஸ்பெல்லிங்கைத் தவிர வேறு எதையும் யோசிப்பதில்லை.)

இன்னொரு வகை மெட்டஃபர் பிள்ளைகள் கண்ணில் படவே படாது. வினைச்சொல்லுக்குள் ஒளிந்திருப்பது. "தி மேன் பார்க்ட் அட் அஸ்" (அந்த ஆள் எங்களைப் பார்த்துக் குரைத்தான்) என்ற வரியைக் கொடுத்தால், "நாய்னு எழுதவே இல்லையே டீச்சர்" என்பார்கள். தமிழிலிருந்து போனால் வழி சுலபம். "அவன் சீறினான்" என்று சொல்கிறோமே, அதில் யார் இருக்கிறார்? பாம்பு. "எரிந்து விழுந்தார்" என்பதில்? இதற்கு ஒருவன் விறகு என்றான், இன்னொருத்தி ராக்கெட் பட்டாசு என்றாள். எது சரி என்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை.

பெர்சானிஃபிகேஷனில் தப்பு செய்தது நான். ஆனால் அதற்கு முன்னால், அது எவ்வளவு எளிதாக உள்ளே போகும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். "நேத்து வீட்ல மோட்டார் என்ன பண்ணுச்சு?" என்று ஒரு தோட்டக்காரர் வீட்டுப் பையனைக் கேட்டால் போதும். "அடம் பிடிச்சுச்சு டீச்சர்." குமுளி மலைப்பாதையில் ஏறும் பஸ்? "மூச்சு வாங்கும்." வெயில்? "கொல்லும்." இவர்கள் பேச்சில் பாதி இதுதான். மனுஷன் செய்வதை மனுஷன் அல்லாதது செய்தால் பெர்சானிஃபிகேஷன் என்று பெயரைக் கடைசியில் சொன்னேன். கஷ்டமே இல்லாமல் ஏற்றுக்கொண்டார்கள்.

தெம்பில் கார்ல் சாண்ட்பர்க்கின் 'ஃபாக்' என்ற குட்டிப் பாட்டை எடுத்துக்கொண்டு போனேன். 1916இல் வந்த தொகுப்பில் உள்ளது. மொத்தமே இருபத்தொரு சொல்தான். மூடுபனி சின்னப் பூனைக் காலால் நடந்து வருகிறது, துறைமுகத்தையும் நகரத்தையும் பார்த்துக்கொண்டு சத்தமில்லாமல் குந்தியிருக்கிறது, அப்புறம் நகர்ந்து போய்விடுகிறது. மலையிலிருந்து பனி இறங்குவதை நித்தம் பார்க்கும் பிள்ளைகளுக்கு இதைவிடப் பொருத்தமான பாட்டு கிடைக்காது. மூடுபனி நடக்கிறது, உட்கார்கிறது, பார்க்கிறது, ஆகவே பெர்சானிஃபிகேஷன் என்று எழுதிப் போட்டுவிட்டு நான் திரும்பினால், முதல் பெஞ்சில் ஒரு கை.

"டீச்சர், பூனை மனுஷனா?"

நியாயமான கேள்வி. பனியை மனிதனாக்கவில்லை கவிஞர், பூனையாக்கியிருக்கிறார். பாட்டு முழுவதும் நீளும் மெட்டஃபர் அது. வகுப்பு முன்னால் "நான் தப்பா எழுதிட்டேன்" என்று சொல்லி அழித்தேன். அதிலிருந்து ஒரு கேள்வியைச் சேர்த்துக்கொண்டேன்: "யாரா மாத்தியிருக்கார்?" மனுஷனாக மாற்றியிருந்தால் பெர்சானிஃபிகேஷன். மிருகமாகவோ வேறு பொருளாகவோ மாற்றியிருந்தால் மெட்டஃபர் பக்கம் போங்கள். காற்று ஊளையிட்டது என்று வந்தாலும் இதே கேள்விதான், ஊளையிடுவது நரியும் நாயும் என்பதால். பல கைடுகளில் அதையும் பெர்சானிஃபிகேஷன் என்றே போடுகிறார்கள். கொஞ்சம் தளர்த்திப் பார்த்தால் ஒத்துக்கொள்ளலாம்.

தமிழய்யா இதற்கும் ஒன்று வைத்திருந்தார். கோவலனும் கண்ணகியும் மதுரையை நெருங்கும்போது மதில்மேல் உள்ள கொடிகள் காற்றில் அசைகின்றன. "'வாரல்' என்பனபோல் மறித்துக்கை காட்ட" என்கிறார் இளங்கோ. வராதீர்கள் என்று கைகாட்டுவது போல. அங்கே "போல்" இருக்கிறது, ஆனால் அதை உவமை என்று விட்டுவிட மாட்டோம். இயல்பாக நடக்கும் ஒன்றின் மேல் கவிஞர் தன் கருத்தை ஏற்றுவதால் தற்குறிப்பேற்றம் என்போம். பெர்சானிஃபிகேஷனும் இதுவும் ஒன்றல்ல. ஆனாலும் கொடிக்குக் கை வந்ததைப் பிள்ளைகள் உடனே பிடித்துக்கொண்டார்கள். ஒரு சொல்லைத் தேடி அணியைப் பிடிக்கும் பழக்கம் தமிழிலும் செல்லாது என்பது எனக்கு அங்கேதான் முழுசாகப் புரிந்தது.

அலிட்டரேஷனை மோனை என்று சொல்லி ஐந்து நிமிடத்தில் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். அதற்கு மூன்று பீரியட் ஆனது. மோனையில் எழுத்தைப் பார்த்தால் போதும், தமிழில் எழுத்தும் ஒலியும் பெரும்பாலும் கூடவே நடக்கும். ஆங்கிலத்தில் அப்படி இல்லை. சிட்டியும், பூனையைக் குறிக்கும் கேட்டும் ஒரே எழுத்தில் தொடங்கினாலும் ஒலி வேறு. கிங்கும், போர்வீரனைக் குறிக்கும் நைட்டும் எழுத்தில் ஒன்று, வாயில் வேறு. ஃபோனும் ஃபேனும் எழுத்தில் வேறு, வாயில் ஒன்று. "கண்ணால தேடாதீங்க, வாயால தேடுங்க" என்று சொல்லிப் பார்த்தேன். அப்போதுதான் இன்னொரு சிக்கல் தலைகாட்டியது. "பிக் பாட் ஃபுல்" என்பதில் மூன்றுமே ப என்று ஒருவன் அடிக்கோடிட்டிருந்தான். அவன் வாயில் மூன்றும் ப தான். எங்கள் நாக்குக்கு அந்த மூன்று ஒலியும் ஒரே எழுத்தின் மூன்று சாயல்.

நோட்டிலிருந்து ஒரு துண்டுத்தாளைக் கிழித்து உதட்டுக்கு முன்னால் தொங்கவிடச் சொன்னேன். பாட் என்றால் தாள் துள்ளும். பிக் என்றால் அசைவு குறைவு. ஃபுல் என்றால் மேல்பல் கீழுதட்டில் பட்டு, காற்று கசிந்து தாள் மெல்ல விலகும். வகுப்பே தாளும் கையுமாக ஊதிக்கொண்டிருந்ததைத் தலைமையாசிரியர் வராந்தாவிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போனார். தாள் பயிற்சிக்குப் பிறகு கோல்ரிட்ஜின் பழைய மாலுமிப் பாட்டிலிருந்து இரண்டு வரி: "தி ஃபேர் பிரீஸ் புளூ, தி ஒயிட் ஃபோம் ஃப்ளூ, தி ஃபர்ரோ ஃபாலோட் ஃப்ரீ." கப்பல் ஓடும் வரிகள். வாயிலிருந்து காற்று போய்க்கொண்டே இருப்பதைப் பிள்ளைகள் கவனித்தார்கள். ஒரே ஒலி அடுக்கி வந்தால் அது அங்கே என்ன வேலை செய்கிறது என்ற கேள்விக்கு அந்தத் துண்டுத்தாளே பதிலாகிவிட்டது.

ஆனமட்டோப்பியாவை இரட்டைக்கிளவி என்று மொழிபெயர்த்துவிடாதீர்கள். நான் செய்து சூடுபட்டேன். சலசல, கலகல, மடமட எல்லாம் ஒலி, சரி. பளபள கண்ணுக்கு, கமகம மூக்குக்கு. அவற்றில் சத்தம் எங்கே இருக்கிறது? ஒலியைப் போலவே ஒலிக்கும் சொல் என்று மட்டும் சொல்லி, நம்மூர்ச் சேவல் கொக்கரக்கோ என்றால் அவர்கள் சேவல் காக்-எ-டூடுல்-டூ என்கிறது என்று காட்டினால் முடிந்தது. மிகைப்படுத்திச் சொல்லும் ஹைப்பர்போலியில் சொல்ல ஒன்றுமில்லை; "ஆயிரம் தடவை சொல்லிட்டேன்" என்று தினமும் திட்டு வாங்கும் பிள்ளைகள். ஊரறிந்த ரகசியத்தைச் சொன்னதும், முரண்படும் சொற்களைச் சேர்த்துச் சொல்லும் ஆக்சிமோரானும் அப்படியே விளங்கிவிட்டது.

பரீட்சை வேறு கதை. ஒரே வரியில் இரண்டு அணி இருக்கும், விடைக்குறிப்பில் ஒன்றுதான் இருக்கும். டென்னிசனின் கழுகுப் பாட்டில் "அண்ட் லைக் எ தண்டர்போல்ட் ஹி ஃபால்ஸ்" என்று முடியும் வரியில் சிமிலியும் உண்டு. கழுகை "ஹி" என்று அழைத்து, முதல் வரியில் அதற்குக் கையும் கொடுத்திருப்பதால் பெர்சானிஃபிகேஷன் என்றாலும் தவறில்லை. வெளியிலிருந்து வந்த ஒரு விடைக்குறிப்பை வைத்துத் திருத்தியபோது இந்த மாதிரி இடத்தில் நல்ல பதில்களுக்கு மதிப்பெண் போனது. பிள்ளைகள் என் மேல்தான் வருத்தப்பட்டார்கள். அதிலிருந்து, பெயரை மட்டும் எழுதிவிட்டு வராதே, எந்தச் சொல்லைப் பார்த்து அப்படிச் சொல்கிறாய் என்று பக்கத்திலேயே ஒரு வரி எழுது என்று பழக்கியிருக்கிறேன். இரண்டு தெரிந்தால் இரண்டையும் காரணத்தோடு எழுதட்டும். காரணம் இருந்தால் திருத்துபவர் ஒரு நிமிஷம் யோசிப்பார்.

போன பங்குனியில் டென்னிசனின் ஓடைப் பாட்டை நடத்தினேன். "ஐ சாட்டர், சாட்டர், ஆஸ் ஐ ஃப்ளோ." ஆஸ் இருக்கிறதே, சிமிலிதானே என்று வேண்டுமென்றே கேட்டேன். பரோட்டாப் பிள்ளை இப்போது எட்டாம் வகுப்பு. "இல்ல டீச்சர், அது ஓடிக்கிட்டே பேசுது. எதோட ஒப்பிடுது?" என்றாள். அடுத்து, மனிதர் வருவர், போவர், நான் ஓடிக்கொண்டே இருப்பேன் என்று ஓடை சொல்லும் இடம். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு முணுமுணுப்பு. பள்ளிக்குப் பின்னால் உள்ள வாய்க்கால் அப்போது காய்ந்து கிடந்தது. பெரியாறு அணையில் முதல் போகத்துக்குத் தண்ணீர் திறந்தால்தான் அதில் ஈரம் பார்க்க முடியும்.

அந்த முணுமுணுப்பை ஆண்டுத் தேர்வுத் தாளில் மறுபடி பார்த்தேன். பெர்சானிஃபிகேஷனுக்குச் சொந்த எடுத்துக்காட்டு கேட்டிருந்தேன். "அவர் கெனால் இஸ் ஸ்லீப்பிங். இட் வில் டாக் இன் ஜூன்." பக்கத்தில் காரணமும் எழுதியிருந்தான்: தூங்குவதும் பேசுவதும் மனுஷன். முழு மதிப்பெண் போட்டேன். கெனாலில் ஒரு என் அதிகமாக இருந்தது, அதை மட்டும் வட்டமிட்டேன்.